முத்திரையில் இல்லாத பெயர்கள்

முதுகலை வகுப்பில் சிற்றிலக்கியத் தாள் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மானை வந்தது. மூன்று பெண்கள் காய்களை எறிந்து பிடித்தபடி பாடுவது. ஒருத்தி ஒரு செய்தி சொல்ல, அடுத்தவள் மடக்கிக் கேட்க, மூன்றாமவள் சிலேடையாக விடை சொல்லி முடிப்பது. வழக்கமான விளக்கத்தைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் நூற்பெயர்களை எழுதத் தொடங்கினேன். திருவம்மானை, மாணிக்கவாசகர். கித்தேரியம்மாள் அம்மானை, வீரமாமுனிவர். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "ஆடுனது, பாடுனதெல்லாம் பொம்பளைங்க. பேரு மட்டும் ஏம்மா எல்லாம் ஆம்பளைங்க பேரா இருக்கு?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடமாக அதே பட்டியலை அதே கரும்பலகையில் எழுதி வருகிறேன். முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். கவிதை எழுதுகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஏன் ஒருநாளும் வரவில்லை?

விடை தேடிப் போனபோது கோயில் பாட்டைவிடத் தேவாலயப் பாட்டுதான் எனக்கு வழி காட்டியது. காரணம் எளியது. மாணிக்கவாசகருக்கு முன்னால் எந்தப் பெண்கள் எந்த முற்றத்தில் அம்மானை ஆடினார்கள் என்பதற்கு நம்மிடம் தடயம் இல்லை. கிறிஸ்தவப் பாட்டு அப்படியல்ல; அது தமிழுக்கு வந்து ஐந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை. தேதி இருக்கிறது, அச்சகம் இருக்கிறது, மிஷன் ஆவணங்கள் இருக்கின்றன, சண்டை போட்டு எழுதிய மனுக்கூட இருக்கிறது. பெண்களின் கையில் இருந்த ஒரு பாட்டு வடிவம் ஆணின் ஏட்டுக்குள் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது. இதே நூற்றாண்டுகளில் ஸ்பானியர்கள் பிடித்துவைத்திருந்த அமெரிக்க நாடுகளிலும் இதே வேலை நடந்தது. சில இடங்களில் இங்கே வந்த அதே இயேசு சபைதான் அங்கேயும் போயிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சில விஷயங்கள் தெளிகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண்களின் விளையாட்டுப் பாட்டை எடுத்து ஆண் பாடுவது பாதிரியார்கள் கொண்டுவந்த பழக்கம் இல்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே அம்மானை வரி இருக்கிறது. மாணிக்கவாசகர் அம்மானை, சாழல், பொற்சுண்ணம், தோணோக்கம், பூவல்லி என்று பெண்கள் ஆடியும் இடித்தும் கொய்தும் பாடிய அத்தனையையும் திருவாசகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். பெண்ணாக நின்று இறைவனைப் பாடுவது பக்தி மரபின் பெருமை என்று நாமும் பாடம் நடத்துகிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. அந்தப் பெருமை ஆணின் கணக்கில் வரவானது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வதில்லை.

பெண்கள் தம் பெயரைப் பாட்டில் பதித்ததும் உண்டு. காரைக்காலம்மையார் தன்னைப் பேய் என்றே முத்திரை வைத்தார். ஆண்டாள் தன் பெயரைக் கோதை என்று பெரும்பாலான பதிகங்களின் கடைசியில் எழுதினாள்; ஆனால் அதற்கு முன்னால் பெரும்பாலும் அப்பாவின் பெயர் வந்து நிற்கிறது. மதுரையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒவ்வொரு முறை போகும்போதும் இதை நினைத்துக்கொள்வேன். ஒருத்தி பேயாக வேண்டியிருந்தது, இன்னொருத்தி மகளாக வேண்டியிருந்தது.

இனி தேவாலயம். ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி, பூணூல், சைவ உணவு என்று அவர் எடுத்த வேடம் பலருக்கும் தெரிந்த கதை. அந்த மதுரை மிஷனில் நூறு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தவர்தான் இத்தாலியரான பெஸ்கி, நம் வீரமாமுனிவர். 1680-இல் பிறந்தவர். தேம்பாவணியைத் தமிழ்த்துறைகள் கொண்டாடுகின்றன. 3,615 பாடல்கள், சூசையப்பரின் கதை, காப்பிய இலக்கணம் எல்லாம் சரி. ஆனால் என் மாணவியின் கேள்விக்கு உதவுவது அவரது சின்ன நூல்தான். கித்தேரியம்மாள் என்பவள் ஐபீரிய நாட்டுப் புனிதை. தகப்பன் பார்த்த கலியாணத்தை மறுத்து, நம்பிக்கையை விடாமல், தலை வெட்டுப்பட்டுச் செத்த கன்னி என்பது மரபு. அவள் கதையைப் பாட அவர் எடுத்துக்கொண்ட வடிவம் அம்மானை. இது மூன்று பெண்கள் மடக்கிப் பேசும் கலம்பக அம்மானை அல்ல, நீண்ட கதைப்பாட்டு அம்மானை. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நானும் ஒரு காலத்தில் குழப்பிக்கொண்டவள்தான். இரண்டிலும் 'அம்மானை' என்று விளிக்கப்படுகிறவள் பெண். காவியத்தைப் புலவர் சபைக்குக் கொடுத்தவர், கலியாணம் வேண்டாம் என்ற பெண்ணின் கதையைச் சொல்லப் பெண்களின் பாட்டைத் தேடி வந்திருக்கிறார். எந்தக் கதையை எந்தக் காதுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டு நடையை அவருக்குக் கேட்கக் கொடுத்த குரல்கள் எவை என்ற கேள்விதான் பாக்கி.

பெஸ்கியின் காலத்திலேயே இன்னோர் இத்தாலியர் இயேசு சபையில் சேர்ந்து எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். தொமெனிகோ சிப்போலி. ரோமில் பேரெடுத்த ஆர்கன் கலைஞர். 1717-இல் தென்னமெரிக்கா போய், இன்றைய அர்ஜென்டினாவின் கோர்தபாவில் இருந்துகொண்டு இசையமைத்தார். 1726-இல் அங்கேயே இறந்தார். தேம்பாவணி முடிந்ததாகச் சொல்லப்படும் ஆண்டும் அதுதான். அவருடைய பாடல்கள் காட்டுக்குள் இருந்த மிஷன் ஊர்களுக்குப் போயின. சபையே அங்கிருந்து விரட்டப்பட்ட பிறகும் உள்ளூர்ப் பழங்குடி இசைக்காரர்கள் அவற்றைப் பிரதியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1970-களில் பொலிவியாவின் சிக்கித்தோஸ் பகுதியில் பழைய கோயில்களைப் பழுது பார்த்தபோது ஆயிரக்கணக்கான தாள்கள் கிடைத்தன. அந்தக் கோயில்களின் பாடகர் குழுவில் உச்சக்குரல் பாடியது சிறுவர்கள். பெண்கள் கீழே நின்று கேட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1631-இல், லிமாவில் அச்சான ஒரு சடங்குநூலில் கெச்சுவா மொழியில் மாதாவைப் போற்றும் ஒரு பாட்டு நான்கு குரலுக்கு இசையமைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் அச்சேறிய முதல் பல்குரல் இசை அதுதான். பவனியாகக் கோயிலுக்குள் நுழையும்போது பாட வேண்டியது. நூலை எழுதியவர் குஸ்கோ பக்கத்துப் பாதிரியார் ஹுவான் பெரெஸ் பொக்கனெக்ரா. மெட்டு அவருடையதா, அவரிடம் படித்த ஆண்டிஸ் மலை மனிதர் ஒருவருடையதா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது, தாளம் நடைபோடுவது போல அழுத்தமாக இருக்கும். முதன்முதலாகக் கேட்டபோது ஊர்த் தேர் நகர்வது நினைவுக்கு வந்தது. சொற்கள் வானத்தையும் விண்மீன்களையும் பயிரையும் மாதாவின் மேல் ஏற்றுகின்றன. அவை அந்த மண்ணில் முன்பே வேறு தெய்வங்களைப் போற்றிய படிமங்கள் என்கிறார்கள். பெயரில்லாத அந்த இசைக்காரரைத் தேடுகிற ஆய்வாளர்கள்கூட ஓர் ஆணைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அது சற்றே வேடிக்கையாக இருக்கிறது.

நம் கதையில் பெயரோடு நிற்கிறவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் பிறந்து 1864 வரை, தொண்ணூறு வயதை நெருங்கி வாழ்ந்தவர். தமிழ்ச் சபைகளில் கீர்த்தனை என்றால் அவர்தான். ஆனால் அவர் கதைக்குள் நுழைய ஒரு பெண் கட்டிய வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

கிளாரிந்தா, மராத்தியப் பிராமணக் கைம்பெண். கோகிலா என்பது முதற்பெயர். உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றியதாக வரலாறு. அவனோடு வாழ்ந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, தாலி கட்டாமல் வாழ்கிறாள் என்று ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அவன் இறந்த பிறகு, 1778-இல், கொடுத்தார். அவள் பாளையங்கோட்டையில் கட்டிய கோயில் இன்றும் கிளாரிந்தா ஆலயம் என்றே அழைக்கப்படுகிறது. அதைப் பிரதிஷ்டை செய்ய 1785-இல் ஸ்வார்ட்ஸ் வந்தார். அந்த ஊர்ச் சபையில் இருந்த தேவசகாயத்தின் மகனை அப்போதுதான் பார்த்தார், தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சிறுவன்தான் வேதநாயகம். பின்னாளில் அரசரான சரபோஜியும் ஸ்வார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர். இருவருக்கும் அந்த நாளிலேயே பழக்கம். ஆக, தமிழ்க் கீர்த்தனை வரலாற்றின் பெரிய கவிராயர் ஒரு கைம்பெண்ணின் கோயில் திறப்பு விழாவில் கண்டெடுக்கப்பட்டவர். கீர்த்தனை வரலாறு பேசுகிறவர்கள் ஸ்வார்ட்ஸ் ஐயரில்தான் தொடங்குவார்கள்.

சாஸ்திரியார் தஞ்சையில் என்ன செய்தார்? தரங்கம்பாடி ஜெர்மானியர்கள் தங்கள் ஊர்ப் பாட்டுகளைத் தமிழாக்கி அதே ஐரோப்பிய மெட்டில் பாட வைத்தார்கள். அதைத்தான் ஞானப்பாட்டு, பாமாலை என்பார்கள். தமிழ் நாக்கு அதில் இடறும். குறில் வரும் இடத்தில் மெட்டு நீளும், நெடில் வரும் இடத்தில் சட்டென்று வெட்டும். சாஸ்திரியார் அந்த வழியில் போகவில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராக தாளத்தோடு பாடினார். அதோடு நிற்காமல் தாலாட்டு, கும்மி, அம்மானை, நொண்டி நாடகம், உலா, குறவஞ்சி என்று ஊரில் புழங்கிய வடிவங்களைக் கைநிறைய அள்ளினார்.

பெத்லகேம் குறவஞ்சி 1800-இல் பாடப்பட்டது. சீயோன் மகளாகிய தேவமோகினி காதலுற்றுத் தவிக்கிறாள். ஞானச்சிங்கி என்ற குறத்தி வந்து குறி சொல்கிறாள். கிறிஸ்து வருவார் என்று சொல்லும் விசுவாசத்தின் குரல் குறத்தியின் குரல். அந்த நூலில் கோபர்நிக்கஸின் வானியலும் உலகப் புவியியலும் கூட வருகின்றன. நினைத்துப் பார்த்தால் அசாத்தியமான துணிச்சல். பூமி சூரியனைச் சுற்றும் செய்தி தமிழ்க் கவிதைக்குள் வந்த ஆரம்ப வழிகளில் ஒன்று குறவஞ்சி.

நான் தயங்குவது இங்கேதான். அந்தக் காலத் தஞ்சையில் குறவஞ்சி என்பது யார் உடலில் இருந்தது? பெரிய கோயிலில் சரபேந்திர பூபால குறவஞ்சியை ஆடியவர்கள் தேவரடியார் பெண்கள். குறத்தி என்ற பாத்திரம் குறவர் சமூகத்துப் பெண்ணின் பேச்சையும் நடையையும் கூடையையும் இரவல் வாங்கியது. இரண்டு பெண்களின் சொத்து அது: ஆடியவளுடையது, ஆட்டத்தில் காட்டப்பட்டவளுடையது. தேவாலயக் குறவஞ்சியில் இருவருக்கும் இடம் இல்லை. சாஸ்திரியார் அதைக் கதாகாலட்சேபமாகப் பாடினார். குறத்தி ஞானச்சிங்கியாகப் பரமண்டலம் போனாள். பூமியில் இருந்த குறவர்களைப் பின்னாளில் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தில் அடைத்து, கைரேகை எடுத்தது.

1814-இல் அவர் பாடிய சாஸ்திரக் கும்மி இன்னொரு வகை. சகுனம் பார்ப்பது, பேய்க்கு அஞ்சுவது, நாள் பார்ப்பது, சின்னத் தெய்வங்களுக்கு நேர்ந்துகொள்வது எல்லாவற்றையும் கிண்டலடிக்கும் நூல். பகுத்தறிவு வரலாற்றில் அதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். ஆனால் கும்மி யாருடையது? எங்கள் அலங்காநல்லூரில் முளைப்பாரி போடும்போது அப்பத்தா வாரக்கணக்கில் தினமும் ராத்திரி கும்மி கொட்டப் போவாள். வீட்டுக்குள் வாய் திறக்காதவள் அந்த வட்டத்தில் நின்றால் மருமகளையும் மாமியாரையும் மழையையும் மாரியையும் ஒரே மூச்சில் பாடுவாள். மண்சட்டியில் முளைத்த பயிர் உயரமாக வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவள் கணக்கு. சாஸ்திரக் கும்மி கிண்டல் செய்கிற நம்பிக்கைகள் பெரும்பாலும் இப்படி அந்த வட்டத்தில் நின்று கைதட்டியவர்களுடையவை. அவர்கள் கையிலிருந்து தாளத்தை வாங்கி அவர்களையே திட்டுவது. திருத்த வந்த ஆண்கள் எல்லா மதத்திலும் எல்லாக் கட்சியிலும் இதைச் செய்திருக்கிறார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869-இல் பெண்மதிமாலை பாடினார். பெண் கல்விக்காக அவ்வளவு பேசிய மனிதர், அதிலும் பெண்கள் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கிறார்கள்.

அப்பத்தாவிடம் ஒருமுறை கேட்டேன், இந்தக் கும்மிப் பாட்டெல்லாம் யார் கட்டியது என்று. "பாட்டுக்கு ஏதுடி ஆளு, தட்டுனா வரும்" என்றாள். நாட்டார் வழக்காற்றியல் வகுப்பில் இந்தப் பதிலைச் சொன்னால் எல்லோரும் நெகிழ்ந்துவிடுவார்கள். நானும் நெகிழ்ந்திருக்கிறேன். இப்போது அந்த நெகிழ்ச்சியை நம்புவதில்லை. யாருடையதும் இல்லை என்று ஆகிவிட்ட சொத்து, முதலில் பட்டா போடுகிறவனுடையது. எங்கள் ஊரில் வாடிவாசலில் மாடு வரும்போது மைக்கில் ஒரு பெயர் சொல்வார்கள். வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டை அரைத்து வைத்து, சாணி அள்ளி, அந்த மாட்டோடு பேசிக்கொண்டிருந்தவள் பெயராக அது நெடுங்காலம் இருந்ததில்லை. அண்மையில்தான் சில பெண்களின் பெயர்களும் கேட்கின்றன.

சாஸ்திரியாரைப் பற்றி இன்னும் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் நற்கருணையில் சாதிவேறுபாட்டை ஒழிக்க முயன்றார்கள். அதே கையோடு பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், கலியாணத்திலும் சாவிலும் பூ வைப்பதைத் தடுத்தார்கள், கோயிலில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஒதுக்கினார்கள். 1829 வாக்கில் தஞ்சைச் சூத்திரக் கிறிஸ்தவர்களின் குரலாகச் சாஸ்திரியார் இவற்றை நான்கு கொடுமைகள் என்று அடுக்கி எழுதினார். தமிழ்ப் பாட்டைப் பறிப்பது கொடுமை. சாதியைக் கலப்பதும் கொடுமை. ஒரே எழுத்து, ஒரே பட்டியல், ஒரே கோபம்.

இதைப் படித்த அன்று அவர் கீர்த்தனை எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்த்துறைக்காரர்கள் அவரை ஐரோப்பிய ஆதிக்கத்துக்கு எதிராகத் தமிழிசையைக் காத்தவர் என்பார்கள். அது பொய்யில்லை. பறையர் கிறிஸ்தவர் உதடு பட்ட கிண்ணத்தில் தன் உதடு படக்கூடாது என்பதற்காகவும் அவர் எழுதினார் என்பதும் பொய்யில்லை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்தக் கோயிலில் பறையர் பெண் ஒருத்தி, பின்னால், ஆண்களுக்கும் பின்னால் உட்கார்ந்து அந்தக் கீர்த்தனையைக் கேட்டிருப்பாள். தமிழ்ப் பாட்டு நின்றுபோனால் அவளுக்கும் நட்டம். அது நிற்காமல் இருக்கப் பேசியவர் அவளை ஒதுக்கிவைக்கவும் பேசினார். நமக்குக் கிடைத்த பாட்டு இந்தக் கையிலிருந்து கிடைத்தது.

இந்தச் சிக்கலோடு மெக்சிகோவுக்குப் போனால் அங்கே ஒரு பெண் நிற்கிறாள். சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ். கன்னியர் மடத்தில் வாழ்ந்த கவி, 1695-இல் இறந்தவள். ஸ்பானிய அமெரிக்கப் பேராலயங்களில் திருவிழா அன்று மக்கள் மொழியில் வியான்சிக்கோ என்ற பாட்டுவரிசை பாடுவார்கள். 1676 தொடங்கி 1691 வரை மெக்சிகோ, புவெப்லா, ஓஹாக்கா பேராலயங்களுக்கு அவள் அந்தப் பாட்டுவரிசைகளை எழுதிக் கொடுத்தாள். இசையமைத்தவர்கள் ஆண்கள், பேராலயத்தில் பாடியவர்கள் ஆண்களும் சிறுவர்களும். எழுதியவள் மடத்துச் சுவருக்குள். 1691-இல் ஓஹாக்காவில் பாடப்பட்ட வரிசை அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனாளைப் பற்றியது: அறிஞர்களை வாதத்தில் வென்ற பெண். ஆண்டவன் பெண்ணுக்கு அறிவு கொடுத்தது அதைப் பூட்டி வைக்கவா என்ற கேள்வியை, ஆண்களின் வாயால் பேராலயத்தில் பாட வைத்துவிட்டாள். அதே ஆண்டில்தான் பெண்கள் படிக்கும் உரிமைக்காக அவள் எழுதிய புகழ்பெற்ற கடிதமும். பிறகு நெருக்கடி முற்றியது. நூலகத்தைக் கைவிட்டாள், எழுத்து நின்றது. கொள்ளைநோய்க் காலத்தில் சக சகோதரிகளைக் கவனித்துக்கொண்டிருந்தபோது இறந்தாள். இசை இலக்கணம் பற்றி 'நத்தை' என்று ஒரு நூலைத் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறாள். அது நமக்குக் கிடைக்கவில்லை.

என் வகுப்பில் இவளைக் கொண்டாட எனக்கு ஆசை. ஆனால் இவளும் பாட்டில் கறுப்பின அடிமைகளின் உடைந்த ஸ்பானிஷைப் பேசிக் காட்டியவள்தான். அந்த வகைப் பாட்டில் அது வழக்கம், திருவிழாவில் ஜனங்கள் சிரிக்க ஒரு பகுதி. நம் நாடகத்தில் குறத்தியும் நொண்டியும் வருவது போல. சிரிப்புக்கு நடுவில் அந்தக் குரல்களுக்கு அவள் மனக்குறையையும் கொடுத்தாள் என்பது உண்மை. அவளுக்கு மடத்தில் பணி செய்ய ஓர் அடிமைப் பெண் இருந்தாள், தாய் கொடுத்தது. அந்தப் பெண்ணைத் தன் சகோதரிக்கு விற்றாள், ஆவணம் இருக்கிறது. ஆணின் பெயருக்குப் பதிலாகப் பெண்ணின் பெயர் வந்துவிட்டால் பட்டியல் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை இந்த விற்பனை கெடுத்தது.

அதே மெக்சிகோவில் வேறொரு தாள்கட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. புவெப்லாவின் பரிசுத்த திரித்துவ மடத்துக் கன்னியர் பயன்படுத்திய இசைத்தாள்கள் ஒரு தொகுப்பாகப் பிழைத்திருக்கின்றன. ஒவ்வொரு குரலுக்கும் தனித் தாள். இசையமைத்த ஆண்கள் வெளியில் பேராலயத்தில் இருந்தவர்கள். தாளின் மேல் அந்தக் குரலைப் பாட வேண்டிய சகோதரியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்குரல் இல்லாத மடத்தில் கீழ்க்குரலை ஒருத்தி பாடுவாள் அல்லது பெரிய ஊதுகுழலில் வாசிப்பாள். இசை நன்றாகத் தெரிந்த ஏழைப் பெண்ணுக்கு மடத்தில் சேரக் கட்ட வேண்டிய சீதனத்தைக் குறைத்தார்கள், தள்ளுபடியும் செய்தார்கள். ஆமாம், கடவுளுக்கு வாழ்க்கைப்படவும் சீதனம் கேட்டிருக்கிறார்கள். குரல் இருந்தால் கடன் கழியும். அந்தத் தாள்களில் முத்திரை பாடினவளுடையது.

இங்கே திரும்பி வருகிறேன். மதுரையில் அமெரிக்கன் மிஷன் 1834-இல் தொடங்கியது. அதைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் சபைப் பாடலுக்கென்று கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாட்டுகள் தஞ்சையைத் தாண்டி மதுரைச் சீமை சபைகளுக்கு அச்சில் வந்தது அந்த வழியாக. ஒதுக்கப்பட்ட தமிழிசையை இன்னொரு தலைமுறை வெள்ளைக்காரர்கள் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். பாட்டின் தலையில் ராகம், தாளம். ஆனால் அச்சில் ராகத்தின் பெயர் இருந்தால் பாட்டு வந்துவிடாது. அதை வாயால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளும், வீடு வீடாக அனுப்பப்பட்ட வேதப்பெண்களும் அந்த ஆட்கள். அடுப்படி வரை போக ஐயர்களால் முடியாது. வேதப்பெண் போவாள், உட்காருவாள், ஒரு பாட்டுச் சொல்லுவாள். கேட்டவளுக்குக் கடவுள் பிடித்ததோ இல்லையோ மெட்டுப் பிடித்துவிடும்.

இதே தலைமறைவு வேலை படித்த குடும்பத்திலும் நடந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவக் கீதங்கள் இயற்றியவர், 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டவர். 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் அவருடைய சுருதிக் கொள்கையை வீணையில் மீட்டி நிரூபித்தவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1946-இல் அந்நூலின் இரண்டாம் பாகம் வெளிவந்ததற்குப் பின்னால் இருந்தவர் மகள் மரகதவல்லி. கொள்கை பண்டிதருடையது என்கிறோம். விரல் யாருடையது என்று கேட்டால்தான் அந்தப் பெயர் கிடைக்கிறது.

அலங்காநல்லூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து கீர்த்தனை கேட்கும். அப்பத்தா, "டீச்சர் ஆரம்பிச்சிருச்சு" என்பாள், வாசலில் வந்து உட்காருவாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது மெட்டு விஷயத்தில் மட்டும்தான். கும்மி மெட்டில் ஏதாவது வந்தால் அப்பத்தா கை தானாகத் தட்டும். டீச்சரம்மா இறந்த பிறகு அவர் மகள் வீட்டைக் காலி செய்தபோது, பழைய பேப்பர்க்காரருக்குப் போக இருந்த ஒரு நீள நோட்டை எனக்குக் கொடுத்தார். முழுக்கக் கீர்த்தனைகள், மை மாறி மாறி, ஐம்பது வருஷத்துக் கையெழுத்து. மாணவி அந்தக் கேள்வியைக் கேட்ட வாரம் அதை மறுபடி எடுத்துப் பிரித்தேன்.

பாட்டின் அடியில் ராகம் இல்லை, தாளம் இல்லை, சாஸ்திரியார் பெயரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் அது யாரிடம் கற்றது என்று இருக்கிறது. 'பாளையங்கோட்டைச் சித்தி.' 'ஹாஸ்டல் சமையல் அக்கா, இரண்டாவது சரணம் மெட்டு வேற மாதிரி, இதுதான் நல்லாயிருக்கு.' 'மேலூர் நர்ஸ்.' ஓரிடத்தில், 'திண்டுக்கல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவங்க. பேர் கேட்கல.'

நோட்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். சமையல் அக்கா மாற்றிய சரணத்தைப் பாடிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சொற்கள் இருக்கின்றன, மெட்டு இல்லை. ஹாஸ்டல் எந்த ஊரில் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அவள் ஆய்வேட்டுத் தலைப்புக்கான விண்ணப்பத்தில் ஆசிரியர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் முதலில் வேதநாயகம் சாஸ்திரியார் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் காற்புள்ளி போட்டு இடம் விட்டிருக்கிறாள்.